மௌனம் சம்மதமா?



சென்ற சிவராத்திரி இரவு, இரண்டாம் சாமப் பூசை முடிந்து மண்டபத்திலே சற்று இளைப்பாறிக்கொண்டிருந்த வேளையில், கோயிலுக்கு ஒழுங்காக வரும் முதிய அம்மையார் ஒருவர் என்னை அருகே அழைத்தார்.

"டொக்டர் தம்பி, ஒரு சங்கதி கேக்கவேணும். நாங்கள் வாய் திறந்து வேண்டாமெண்டு சொல்லாட்டில், செத்தாப்பிறகு எங்கட கிட்னி, ஈரல் எல்லாத்தையும் எடுத்துப்போடுவினமாம். உண்மையோ?"

சட்டம் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது, ஆனால் அவ்வளவு பயப்பட ஒன்றுமில்லை என்று இரண்டு வசனத்தில் பதில் சொன்னேன். அம்மையாருக்கு அது போதவில்லை. "மௌனம் சம்மதம் எண்டு கலியாணப் பேச்சிலைதான் கேள்விப்பட்டிருக்கிறன். சாவிலையுமோ?" என்று கேட்டுவிட்டு, "உதைச் சங்கப் பத்திரிகையிலை ஒருக்கால் வடிவா எழுதிவிடுங்கோ" என்றும் சொல்லிப் போனார்.

எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தும் பல மாதங்கள் தாமதித்துவிட்டேன். வேலைப்பளு ஒரு காரணம் என்று சொல்லலாம். உண்மையான காரணம் வேறு. இந்த விடயத்தை நேர்மையாக எழுதுவதானால் என் சொந்த வீட்டில் நடந்த ஒன்றையும் எழுதவேண்டும். அதற்கு மனம் இடங்கொடுக்க இவ்வளவு காலம் சென்றது.

முதலில் சட்டம் யாதென்று பார்ப்போம்.

இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதிக்கு முன்னர், ஒருவர் இறந்தபின் தம் உறுப்புக்களைக் கொடுக்க விரும்பினால், உயிரோடிருக்கும்போதே தம் பெயரைப் பதிவேட்டில் பதியவேண்டும். அல்லது இறந்தபின் குடும்பத்தார் சம்மதிக்கவேண்டும். அந்தத் திகதியிலிருந்து முறை மாறிவிட்டது. "வேண்டாம்" என்று பதியாத வயதுவந்த ஒவ்வொருவரும் கொடுக்கச் சம்மதமானவர் என்றே சட்டம் கொள்கிறது. வேல்ஸ் தேசத்தில் இம்முறை 2015ஆம் ஆண்டு டிசம்பரிலேயே வந்துவிட்டது. ஸ்கொட்லாந்தில் 2021இலும், வட அயர்லாந்தில் 2023இலும் வந்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள், தாமாக முடிவெடுக்கும் மனநிலை நெடுங்காலம் இல்லாதிருந்தவர்கள், இந்த நாட்டில் ஒரு வருடமேனும் வாழ்ந்திராதவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தாது. ஊரிலிருந்து விடுமுறைக்கு வந்து நிற்கும் அம்மா அப்பாவைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையில்லை.

இங்கிலாந்துச் சட்டத்தை மக்கள் இரண்டு பிள்ளைகளின் பெயரால் அழைக்கிறார்கள். கீரா போல் என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2017இல் வீதி விபத்தொன்றில் சிக்கி உயிரிழந்தாள். அவளுடைய இதயம் மக்ஸ் ஜோன்சன் என்ற சிறுவனுக்குப் பொருத்தப்பட்டது. அவன் பிழைத்தான். அந்த இரு குடும்பங்களும் கொடுத்த குரலே சட்டமாயிற்று.

ஆனால் பலர் அறியாத ஒன்று உண்டு. சட்டம் என்ன சொன்னாலும், வைத்தியசாலையில் குடும்பத்தாரைக் கேட்காமல் எதுவும் நடப்பதில்லை. அதற்கென்றே பயிற்சி பெற்ற தாதி ஒருவர் வந்து பக்கத்தில் இருந்து, "இவர் இதைப்பற்றி உங்களிடம் என்றாவது பேசியதுண்டா?" என்று கேட்பார். குடும்பம் மறுத்தால் அதை மீறி எடுப்பது நடைமுறையில் இல்லை. ஆகவே அந்த அம்மையாரின் அச்சத்துக்கு இடமில்லை. அச்சப்படவேண்டியது வேறொன்றுக்கு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தச் சிகிச்சை வளர்ந்த வரலாறும் அறியத்தக்கது. 1954ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஜோசப் மரே என்ற சத்திரசிகிச்சை நிபுணர், ஒருவருடைய சிறுநீரகத்தை எடுத்து அவருடைய சகோதரருக்கு வெற்றிகரமாகப் பொருத்தினார். அவர்கள் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர். அதனாலேதான் அது வெற்றி பெற்றது. மற்றவர்களுடைய உறுப்பென்றால் உடம்பு அதை அந்நியன் என்று கண்டு தாக்கி அழித்துவிடும். அந்தத் தாக்குதலை அடக்கும் மருந்துகளைத் தேடிப் பல வருடங்கள் கழிந்தன. நோர்வே நாட்டு மண்ணில் கண்டெடுத்த ஒரு பூஞ்சணத்திலிருந்து சைக்ளோஸ்போரின் என்ற மருந்து பிறந்தது. அதை 1978இல் கேம்பிரிட்ஜில் ரோய் கான் என்ற நிபுணர் நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார். அதன் பின்னர் முன்பின் அறியாத ஒருவருடைய உறுப்பு இன்னொருவரிடம் நீண்டகாலம் நிலைக்கும் வாய்ப்புப் பெரிதும் கூடியது. 2024இல் அதே பொஸ்டன் நகரில், மரபணுக்கள் திருத்தப்பட்ட பன்றியொன்றின் சிறுநீரகத்தை உயிருள்ள ஒரு நோயாளருக்குப் பொருத்தினார்கள். அவர் இரண்டு மாதங்களுக்குள் வேறு காரணத்தால் காலமானார். ஆராய்ச்சி தொடர்கிறது. ஆனால் இன்றைக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு மனிதர்தான் மனிதருக்குக் கொடுத்துதவ வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் வைத்திய மாணவனாக இருந்த காலத்தில் இவற்றையெல்லாம் புத்தகத்திலே படித்துப் பரீட்சையிலே எழுதினேன். விடுதியில் நான் பார்த்த சிறுநீரக நோயாளர் ஒருவரிடமாவது இப்படியொரு வழி இருக்கிறதென்று யாரும் பேசியதாக நினைவில்லை. யுத்த காலம் அது. சேலைன் போத்தல் கிடைப்பதே பெரிய காரியம்.

இப்போது எங்கள் சமூகத்துக்கு வருகிறேன். நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம்மவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். அவை இரண்டும் சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் அரிப்பவை. எனவே சிறுநீரகம் தேவைப்படுவோரில் நம்மவர் தொகை கூட. பொருத்தமானது கிடைப்பதோ அரிது. இந்த நாட்டு வெள்ளையரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே பி வகை இரத்தம். தென்னாசியரில் மூன்று நான்கு பேருக்கு ஒருவர் பி வகை. திசுப் பொருத்தமும் ஒரே இனத்தவரிடையே கிடைக்கும் வாய்ப்பே அதிகம். அப்படியிருக்க, குடும்பத்தாரிடம் கேட்கும்போது மறுப்போர் தொகையும் தென்னாசியரிடையேதான் கூட. தேவை நம்மவருக்கு அதிகம், கொடுப்பது நம்மவர் குறைவு. 2025இல் இந்த நாடு முழுவதும் எண்ணாயிரம் பேருக்கு மேல் உறுப்புக்காகக் காத்திருந்தார்கள். பெரும்பாலோருக்கு வேண்டியது சிறுநீரகம்.

எண்ணிக்கை மனத்தைத் தொடாது. ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு சிறு பிள்ளைகளின் தகப்பன், நாற்பது வயதுகூட இல்லை. பி வகை இரத்தம். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணித்தியாலம் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு படுத்திருக்கிறார். குடிக்கும் தண்ணீருக்கும் அளவு உண்டு. ஒரு நாளைக்கு ஒரு லீற்றரும் கூடாது, தேநீரும் குழம்பும் அதற்குள் அடக்கம். வாழைப்பழம், மாம்பழம், இளநீர் ஆகியவற்றில் உள்ள பொட்டாசியம் இவரைப் போன்றவர்களின் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். அர்ச்சனைத் தட்டில் வரும் வாழைப்பழத்தை அவர் கண்ணில் ஒற்றிவிட்டு மூத்த பிள்ளையிடம் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை, "அப்பாக்கு வாழைப்பழம் பிடிக்காது" என்று ஒருநாள் எனக்கு விளக்கம் சொன்னான்.

இனி என் வீட்டுக் கதை.

எனக்கு மூத்தவர் ஒரே அண்ணா. எனக்குத் தகப்பன் போன்றவர். என்னை இந்த நாட்டுக்கு அழைத்து, பரீட்சைக்குக் கட்டணம் கட்டி, நான் வைத்தியனாக நிமிரும் வரை தம் வீட்டு அறையொன்றில் வைத்துச் சோறு போட்டவர். 2022ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், தமது அறுபத்து மூன்றாம் வயதில், காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மூளையில் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது. மூன்றாம் நாள் இரண்டு வைத்தியர்கள் தனித்தனி வேளைகளில் இருமுறை பரிசோதித்தார்கள். கண்மணிகள் ஒளிக்கு அசையவில்லை. காதுக்குள் குளிர்நீர் விட்டும் கண்கள் திரும்பவில்லை. இயந்திரத்தை நிறுத்திப் பார்த்தபோது தாமாக ஒரு மூச்சும் எடுக்கவில்லை. மூளை மரித்துவிட்டது என்றார்கள். நானும் அருகில் நின்று கண்டேன். சந்தேகம் எனக்கு இருக்கவில்லை. ஆயினும் நெஞ்சு ஏறி இறங்குகிறது, கை சூடாக இருக்கிறது. தம்பியாக நின்று பார்ப்பவனுக்கு வைத்தியப் படிப்பு அந்த இடத்தில் உதவாது.

பிறகு ஒரு சிறிய அறைக்குள் எங்களை அழைத்தார்கள். அண்ணி, இருபத்து நான்கு வயதான பெறாமகன், நான். அந்தத் தாதி வந்திருந்து, மிகவும் பணிவாகப் பேசினார். அண்ணா பதிவேட்டில் ஆம் என்றும் பதியவில்லை, வேண்டாம் என்றும் பதியவில்லை. சட்டப்படி அவர் சம்மதமானவராகக் கருதப்படுகிறார். என்றாலும் அவருடைய எண்ணம் எதுவாக இருந்தது என்று உங்களிடம் அறிய விரும்புகிறேன் என்றார்.

அண்ணி என்னைப் பார்த்தார். "நீர்தான் சொல்லவேணும் தம்பி. உமக்குத்தானே இதெல்லாம் தெரியும்."

எனக்கு எல்லாம் தெரியும். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், சட்டம் வந்த காலத்தில், ஊரடங்கினால் சங்கம் கணினி வழியாக நடத்திய கூட்டத்தில் இதே பொருளைப் பற்றி அரைமணி நேரம் பேசியவன் நான். கண்ணப்பர் கண் கொடுத்ததையும், ததீசி முனிவர் முதுகெலும்பு கொடுத்ததையும் எடுத்துச் சொல்லிப் பாராட்டுப் பெற்றவன். அந்த அறையில் எனக்குக் கண்ணப்பர் நினைவுக்கு வரவில்லை. ஊரில் இருக்கும் எண்பத்தாறு வயது அம்மாவுக்கு என்ன சொல்வது என்பது வந்தது. "டொக்டராயிருந்தும் தமையனை வெட்டக் குடுத்தவன்" என்று சனம் கதைக்கும் என்பது வந்தது. அண்ணாவை இனி யாரும் தொடக்கூடாது என்ற ஒரு முரட்டுப் பிடிவாதமும் வந்தது.

"அண்ணா இதை விரும்பியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்" என்றேன்.

"அவர் அப்படிச் சொன்னதுண்டா?" என்று தாதி மெதுவாகக் கேட்டார்.

"இல்லை. ஆனால் எங்கள் சமயத்தில் இது வழக்கமில்லை" என்றேன். அது பொய். நம் சமயம் இதைத் தடுக்கவில்லை என்று அந்தக் கூட்டத்தில் அடித்துப் பேசியவனே நான்தான். என் பயத்துக்குச் சமயத்தின் பெயரைப் போட்டேன். தாதி எங்களுக்கு நன்றி சொல்லி, அண்ணிக்கு ஆறுதல் கூறி எழுந்து போனார். அன்று பின்னேரம் இயந்திரத்தை நிறுத்தினார்கள்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போனபின், நானும் பெறாமகனும் கராஜுக்குள் கதிரைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தோம். அவன் சொன்னான்:

"சித்தப்பா, உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும். அந்தச் சட்டம் வந்த நேரம் ரீவியிலை செய்தி போனது. அப்பா பாத்துக்கொண்டிருந்திட்டு, 'நல்ல சட்டம். எரிக்கப்போறதை ஆருக்கும் குடுத்தால் என்ன' எண்டு சொன்னவர்."

எனக்குக் கையில் இருந்த கதிரை அப்படியே நின்றது. "ஏனடா அண்டைக்குச் சொல்லேல்லை?" என்றேன்.

"நீங்கள் டொக்டர். நீங்கள் ஒண்டு சொன்னாப்பிறகு, நான் என்னெண்டு சித்தப்பா..."

அவனில் ஒரு பிழையுமில்லை. பெரியவர் பேசும் இடத்தில் சின்னவர் குறுக்கே பேசக்கூடாதென்று வளர்த்தவர்கள் நாங்கள்தான். அண்ணாவின் மௌனத்தைச் சட்டம் சம்மதமாக எடுக்க ஆயத்தமாக இருந்தது. நான் அதை மறுப்பாக எடுத்தேன். அவன் மௌனமோ மரியாதை. அண்ணா சொன்ன சொல்லை அறிந்த ஒரே ஒருவனை நான் வாய் மூடப்பண்ணிவிட்டேன்.

அண்ணாவும் பி வகை இரத்தம். அவருடைய சிறுநீரகம் நான் மேலே சொன்ன அந்தத் தகப்பனுக்கே போயிருக்கும் என்று சொல்ல வரவில்லை. பங்கீடு நாடு முழுவதற்கும் பொதுவானது, பொருத்தம் பார்த்தே கொடுக்கிறார்கள். ஆனால் யாரோ இருவர் இயந்திரத்திலிருந்து விடுபட்டிருக்கக்கூடும். இந்த நாட்டில் இறப்பவர்களில் நூற்றுக்கு ஒருவரே உறுப்புக் கொடுக்கக்கூடிய நிலையில் இறக்கிறார்கள். அந்த ஒருவராக அண்ணா இருந்தார்.

எங்கள் தமிழரிடையே என்னைவிட மன உறுதி உள்ள வைத்தியர்கள் இருந்திருக்கிறார்கள். 2008ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் வீதி விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற பதினைந்து வயதுச் சிறுவனின் பெற்றோர் இருவரும் வைத்தியர்கள். பிள்ளையின் உறுப்புக்களைத் தாமாகவே முன்வந்து கொடுத்தார்கள். அவன் இதயம் சென்னையில் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அதன்பின் அங்கே பல குடும்பங்கள் முன்வந்தன. உறுப்புக் கொடுத்தவர்களின் இறுதிச் சடங்கு அரச மரியாதையோடு நடக்கும் என்று 2023இல் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. தம் பிள்ளையைக் கொடுத்த பெற்றோரை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தலை குனிகிறது.

அங்கத்தவர்கள் என்னிடம் வழமையாகக் கேட்கும் சில கேள்விகளுக்கும் இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

கிரியைக்கு உடல் கிடைக்குமா? கிடைக்கும். சாதாரண சத்திரசிகிச்சை போலவே செய்து, ஒழுங்காகத் தைத்து, குடும்பத்தாரிடம் கொடுப்பார்கள். குளிப்பாட்டி, வேட்டி சேலை உடுத்தி, முகம் பார்க்கலாம். சில மணித்தியாலங்கள், சிலவேளை ஒரு நாள் வரை தாமதமாகலாம். சமய முறைப்படி செய்யவேண்டியவை உண்டென்றால் தாதியிடம் சொல்லலாம். பதிவேட்டிலும் அதைக் குறித்து வைக்க இடமுண்டு.

உறுப்புக்காக வைத்தியர்கள் சிகிச்சையைக் குறைத்துவிடுவார்களா? இல்லை. உயிரைக் காப்பாற்றப் போராடும் வைத்தியர் வேறு, உறுப்பு மாற்றும் குழு வேறு. மூளைச்சாவைப் பரிசோதிப்போர் அந்தக் குழுவைச் சேர்ந்தவர்களாக இருக்கக்கூடாது.

வயது போய்விட்டதே, நீரிழிவும் இருக்கிறதே? வயதெல்லை இல்லை. நோய் இருந்தாலும் எந்த உறுப்பு உதவும் என்பதை அந்த நேரத்தில் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் குருடாய்ப் பிறப்போமா? கண்ணப்பர் குருடராய்ப் பிறந்தார் என்று எந்தப் பிரசங்கியாரும் சொல்லக் கேட்டதில்லை. நாம் பிறந்த இலங்கையிலே வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம், உலகில் எத்தனையோ நாடுகளுக்குக் கண் அனுப்பியிருக்கிறது.

விருப்பமில்லாதவர்கள் என்ன செய்வது? தாராளமாக "வேண்டாம்" என்று பதியுங்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை, யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். உங்களுக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கவும் இடமுண்டு. நான் இங்கே யாருடைய முடிவையும் மாற்ற வரவில்லை. முடிவு ஆம் என்றாலும் இல்லை என்றாலும், அதை வீட்டில் வாய் திறந்து சொல்லிவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். நான் முன்னே சொன்ன அச்சம் இதுதான். சட்டம் எதையும் பறித்துவிடாது. நாம் பேசாமல் இருந்தால், நமக்குப் பதிலாக, துக்கத்தால் நடுங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் ஐந்து நிமிடத்தில் முடிவு சொல்வார். என்னைப் போல.

சாவைப்பற்றி வீட்டில் கதைப்பது அபசகுனம் என்று நாம் நினைக்கிறோம். சீட்டுக் காசும் காணி உறுதியும் எங்கே இருக்கிறதென்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். இதையும் அதோடு சேர்த்துச் சொன்னால் என்ன? என் வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் பேச்சைத் தொடங்கினேன். மனைவி, "சாப்பாட்டு நேரத்திலையோ?" என்று கடிந்தார். பிறகு தம் எண்ணத்தையும் சொன்னார். கண்ணை மட்டும் விட்டுவிடச் சொன்னார். இருபத்தைந்து வருடம் ஒன்றாக வாழ்ந்தும் எனக்கு அது தெரியாது. பதிவேட்டில் அவர் சொன்னபடியே, எந்த உறுப்பைக் கொடுப்பது எதை விடுவது என்று பிரித்துப் பதிந்துவிட்டோம். இளைய மகளுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை. "அப்பா, உங்களை ஆரும் கேட்டால் நான் சத்தமாச் சொல்லுவன்" என்றாள்.

என் பெறாமகனிடம் அனுமதி கேட்டே இதை எழுதினேன். "எழுதுங்கோ சித்தப்பா, அப்பா சொன்னதையும் போடுங்கோ" என்றான். போட்டுவிட்டேன்.

பதிவதில் உதவி வேண்டும் அங்கத்தவர்கள் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தபின் மண்டபத்தில் என்னைச் சந்திக்கலாம். கேள்வி கேட்ட அம்மையார் முதலாவதாக வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். ஆம் என்றோ இல்லை என்றோ, அவர் விருப்பப்படி.